நாலே முக்கால்

ஹிராசாவா கணவாய்க்கு ஏறும் சாலையில், முதல் வளைவுக்குச் சற்றுக் கீழே மொமோசேயின் பட்டறை இருக்கிறது. 'மொமோசே வாகனப் பணிமனை' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. 'டிராக்டர்காரர் கடை' என்றால்தான் தெரியும். அதில் தப்பும் இல்லை. இருபத்தாறு வருஷம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் பட்டறையில் டிராக்டருக்கும் நாற்று நடும் இயந்திரத்துக்கும் வைத்தியம் பார்த்த மனிதர். சங்கம் மூன்று பட்டறைகளை ஒன்றாக்கி நகரத்துக்குக் கொண்டுபோனபோது, 'நான் வரவில்லை' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் சொந்தக் கடை போட்டார். ஒற்றை வரி என்பதே அவருக்கு நீண்ட பேச்சுதான்.

கடை போட இந்தச் சாலையை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மனைவி தோமோக்கோவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாகக் கணவாய்க்கு ஏறிப் போகும். மேலே ஏரிக்கரை வண்டி நிறுத்தத்தில் கூடி, காப்பி குடித்து, ஒன்றின் மூடியை ஒன்று திறந்து பார்த்துவிட்டு இறங்கும். மொமோசே உள்ளே ஏதோ ஒரு களை வெட்டியின் வயிற்றில் கையை விட்டுக்கொண்டே, போகிற காரின் சத்தத்தை வைத்து அதன் குறையைச் சொல்லிவிடுவார். ஆனால் சொல்லி என்ன? ஒரு காரும் நிற்காது. டிராக்டரைத் தொட்ட கை தங்கள் காரைத் தொடுவதா என்று அந்தக் கூட்டத்துக்கு ஓர் எண்ணம். ஒருநாள் அந்தக் கார்களில் ஒன்று தன் கடை வாசலில் திரும்ப வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒன்று திரும்பியது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேல்கூரையை மடக்கிவிடலாம். இறங்கிய பெண்மணி கரசாவா ஃபுமியே. அறுபத்தோரு வயது. பள்ளி உணவுக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர். சோற்று அண்டாவைத் தனியாளாகத் தூக்குகிற தோள். ஐம்பத்தெட்டு வயதில், பழைய காராகப் பார்த்து வாங்கி, கணவாயில் ஓட்டப் பழகியவர்.

"மொமோசே-சான், ஒரு சின்ன சந்தேகம். இந்த வண்டி கொண்டை ஊசி வளைவுல என்னைக் கேவலப்படுத்துது. ரெண்டாவது கியர்ல போனா மூச்சு வாங்குது. முதல் கியர்ல போட்டா காது கிழியக் கத்துது. நடுவுல ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்."

"கியர் பெட்டியில நடுவுல ஒண்ணு கிடையாதுங்க." மொமோசே கையைத் துடைத்துக்கொண்டார். "பின்னாடி இருக்கு."

பின் அச்சின் நடுவே இருக்கிற டிஃபரன்ஷியலைத்தான் அவர் சொன்னார். அதற்குள் ஒரு சின்னப் பல்சக்கரமும், அதோடு கடித்துக்கொண்டு ஒரு பெரிய பல்சக்கரமும் இருக்கும். சின்னதைப் பினியன் என்பார்கள், பெரியதைக் கிரவுன் என்பார்கள். ஃபுமியேயின் காரில் பினியனுக்குப் பத்துப் பல், கிரவுனுக்கு நாற்பத்தொன்று. அதாவது பினியன் நாலு சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஒன்பதும் நாற்பத்து மூன்றுமாக வேறு ஒரு ஜோடியைப் போட்டால் ஏறக்குறைய நாலே முக்கால். நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று அதிகமாக உழைக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனால் எல்லா கியரிலும் இழுப்பு கூடும். வளைவில் இரண்டாவது கியர் உயிர் பெற்றுவிடும்.

"நெடுஞ்சாலையில நான் எங்க போறேன்? போட்டுடுங்க" என்றார் ஃபுமியே. கேட்டதோடு சரி, இரண்டாம் யோசனை இல்லை.

மொமோசே டிராக்டர்களில் நூறு டிஃபரன்ஷியலாவது பிரித்துப் பூட்டியிருப்பார். ஆனால் டிராக்டர் முனகினால் யாருக்குக் கேட்கப் போகிறது? அது முனகுவதற்கென்றே பிறந்தது. காரில் அப்படி இல்லை. பினியனுக்குப் பின்னால் ஷிம் என்று காகிதத் தடிமனில் ஒரு வாஷர் போடுவார்கள். அதன் கனத்தைப் பொறுத்துத்தான் இரண்டு பற்களும் எங்கே உரசுகின்றன என்பது அமையும். மயிரிழை தவறினாலும் ஊளைச் சத்தம் வரும். மொமோசே பழைய வாஷரையே திரும்பப் போட்டார். டிராக்டரில் அப்படித்தான் வழக்கம். கிரவுனின் பற்களில் செஞ்சாந்து போன்ற மையைத் தடவி, கையால் சுற்றி, எங்கே அழிகிறது என்று பார்த்தார். பல்லின் நடுவில் அழிய வேண்டும். நுனிப் பக்கமாகக் கொஞ்சம் ஏறி அழிந்திருந்தது. "பரவாயில்லை" என்றது இருபத்தாறு வருஷப் பழக்கம். அவரும் அதன் பேச்சைக் கேட்டுப் பூட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்க்க ஓட்டினார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து மெல்லிய முனகல். காலை எடுத்தால் நிற்கும், மிதித்தால் வரும். சனிக்கிழமை அந்த அம்மா வருவார், 'இன்னும் ஒரு வாரம் கொடுங்கள், திறந்து சரிசெய்கிறேன்' என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். வாயில் வரவேண்டிய வார்த்தைகளைக் குளிக்கும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஃபுமியே தனியாக வரவில்லை. உணவுக்கூடத்து சகாக்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தார். கையில் துணியில் முடிந்த ஈரடுக்குப் பெட்டி. இலையுதிர்காலத்தில் முன்னோருக்குப் படைக்கிற நாட்கள் அவை. பெட்டி நிறைய, சிவப்புப் பயறு பூசிய சோற்று உருண்டைகள். அதை மொமோசேயின் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கூரையை மடக்கி ஒரு சுற்றுப் போய்விட்டார்.

திரும்பி வந்தவரின் முடி காற்றில் பிய்ந்து, கண்ணில் தண்ணீர். "ஐயோ மொமோசே-சான்! வண்டி என்னை முதுகுல தள்ளுதுங்க! மூணாவது வளைவுல ரெண்டாவது கியர், மிதிச்சேன் பாருங்க, துள்ளிக்கிட்டு வெளிய வந்துச்சு! அறுபத்தோரு வயசுல எனக்கு இப்படி ஒரு குஷி குடுத்தீங்களே!" என்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். சகாக்கள் மூவரும் கைதட்டினார்கள்.

அத்தனை பேருக்கு நடுவே, அத்தனை சந்தோஷத்தின் தலையில், 'உங்கள் கார் முனகுகிறது' என்று சொல்ல முடியுமா? அவர் மெச்சியதைப் பொய்யென்று சொன்னதுபோல ஆகாதா? மொமோசேயும் குனிந்து வணங்கினார். "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் எண்ணெய் மாத்தணும், வாங்க" என்று மட்டும் சொன்னார். குளித்தபோது பழகிய வார்த்தைகள் குளியலறையிலேயே நின்றுவிட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கூட்டத்தின் தலைவர் வந்து நின்றார். ஷினோஹரா, ஊரின் பல் மருத்துவர். "கரசாவா-சான் மேல வந்து உங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. எங்களுக்குக் காப்பி ஆறிப்போச்சு. என் வண்டிக்கும் அதே நாலே முக்கால் போட்டுடுங்க. இன்னும் ரெண்டு பேர் வரிசையில இருக்காங்க."

இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனால் மொமோசேக்கு அந்த முனகல்தான் காதில் கேட்டது. "அறுவடை நேரங்க. டிராக்டர் வேலை குவிஞ்சு கிடக்கு. ரெண்டு வாரம் போகட்டும்" என்று தள்ளிப்போட்டார்.

அறுவடை நேரம் என்பது பொய்யில்லை. ஆனால் கை அறுவடை இயந்திரத்தில் இருந்தாலும் மனசு அந்தப் பல்லில் இருந்தது. தவறான இடத்தில் உரசும் பற்கள் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அந்த இடத்துக்கே தேய்ந்து பழகிவிடும். அதற்குப் பிறகு எந்த வாஷரும் உதவாது, ஜோடியையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபுமியே தினமும் வேலைக்குப் போய்வர முப்பது, ஞாயிறு கணவாய்க்கு ஐம்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று வாரத்தில் எழுநூறு. எண்ணெய் மாற்ற வரவேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. அந்த அம்மா வரவே இல்லை. பெட்ரோல் போடப் போனபோது தூரத்தில் சிவப்பாக எதையோ பார்த்துவிட்டு மொமோசே வேறு சந்தில் வண்டியைத் திருப்பினார். அது தபால்காரரின் ஸ்கூட்டர்.

வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் மேல் அந்த ஈரடுக்குப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பலகாரம் வந்த பெட்டியைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. மூன்று வாரம் வைத்துக்கொண்டிருப்பது அதைவிட மரியாதையில்லை.

"இந்தாங்க, அந்தப் பெட்டி தினமும் என்னை முறைச்சுப் பாக்குது" என்றாள் தோமோக்கோ. "ஆப்பிள் வெச்சுத் தரேன்னு எத்தனை தடவை சொல்றது? கொண்டுபோய்க் குடுத்துட்டு வரக் கசக்குதா?"

மொமோசே சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத நீளத்தில் பேசினார். பழைய வாஷர், சிவப்பு மை, முனகல், குளியலறை, எல்லாம் வந்தது.

தோமோக்கோ தன் கிண்ணத்தையும் கீழே வைத்தாள். "ஆக, தப்பு பண்ணினது ஒரு நாள். அதைக் கட்டிக்கிட்டு அழுதது மூணு வாரம். அந்த அம்மா என்ன, உங்களைக் கடிச்சா தின்னுடப் போறாங்க?"

"வாயைத் திறந்தா வார்த்தை வரமாட்டேங்குதே."

"அப்ப வாயைத் திறக்காதீங்க. பெட்டியத்தான் காலியாக் குடுக்கக் கூடாதே. சொல்ல வேண்டியதை அதுல வெச்சுக் குடுங்க."

புதன்கிழமை பிற்பகல், உணவுக்கூடம் முடிந்து ஃபுமியே வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து மொமோசே போனார். பெட்டியின் மேலடுக்கில் தோமோக்கோ வைத்த நான்கு ஆப்பிள். கீழடுக்கில் அவர் வைத்தது: நகரத்திலிருந்து வரவழைத்த, பல கனங்களில் ஒரு கட்டுப் புது வாஷர்கள், பினியனை இறுக்கும்போது நசுங்குகிற புது வளையம் ஒன்று, மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தில் இரண்டே வரி. 'என் வேலையில் தவறு இருக்கிறது. வண்டியைக் கொடுங்கள்.'

ஃபுமியே வாசலுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி வெளுத்ததை மொமோசே கவனித்தார். இருந்தாலும் வாய் நிறைய வரவேற்பு. உள்ளே உட்கார வைத்து, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்கு இதெல்லாம்!" என்று சொல்லி, மரியாதைப்படி திறக்காமல் அப்படியே அலமாரி ஓரமாக வைத்துவிட்டார்.

கொடுத்தவர் எதிரில் திறந்து பார்ப்பது அநாகரிகம் அல்லவா! தோமோக்கோவின் திட்டத்தில் இதற்கு இடமில்லை. மொமோசே தேநீரைக் குடித்தார். வானிலை பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். இந்த வருஷம் புது அரிசி நன்றாக இருப்பதாக இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். எண்ணெய் மாற்றுவது பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது கோப்பையும் முடிந்தது. எழுந்து போய்விட்டால் இன்னொரு மூன்று வாரம்.

"கரசாவா-சான்." அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "மரியாதையில்லாத பேச்சுதான். அந்தப் பெட்டியைத் திறங்க. இப்பவே."

ஃபுமியே திகைத்துப் போய்ப் பெட்டியை எடுத்தார். மேலடுக்கு. "அடடே, ஆப்பிள்! எவ்வளவு நல்ல..."

"அது என் பெண்டாட்டி வெச்சது. என்னோடது கீழ."

கீழடுக்கைத் திறந்தார். உலோக வாஷர்களைப் பார்த்தார். காகிதத்தைப் பிரித்துப் படித்தார். திரும்பவும் படித்தார். மொமோசே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் காதுவரை சுட்டது.

"அப்ப உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றார் ஃபுமியே மெதுவாக.

மொமோசே நிமிர்ந்தார். "உங்களுக்கும்னா?"

"முதல் நாளே கேட்டுச்சுங்க. அறுபதுல, மிதிக்கும்போது."

"முதல் நாளேவா! கைதட்டினீங்களே!"

"கைதட்டினது அவங்க. நான் அழுதேன், அது நிஜம். வளைவுல துள்ளினதும் நிஜம். ஆனா திரும்பி வர்றப்ப ஊன்னு ஒரு சத்தம். இவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? மலையில வேற உங்க புகழை ஒரு மணி நேரம் பாடிட்டேன். அதான் எண்ணெய் மாத்தக்கூட வரலை. வந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சுடும். எனக்கு நடிக்க வராது."

"எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க?" மொமோசே முட்டிபோட்டு முன்னால் நகர்ந்துவிட்டார். மூன்று வாரமாக அவரை அரித்த கேள்வி அது ஒன்றுதான்.

ஃபுமியே எழுந்து அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். சிவப்புக் கார் உறைக்குள் அப்படியே இருந்தது. மேலே காய்ந்த இலைகள்கூட விழுந்து கிடந்தன.

"மலைக்குப் போய் வந்ததோட சரி, அப்புறம் ஓட்டவே இல்லைங்க. ஓட்டினாத்தானே சத்தம் கேக்கும். கேக்க மனசு வரலை. வேலைக்கு சைக்கிள்ல போறேன். வீட்டுக்காரர் கேட்டா, உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிவெச்சிருக்கேன். முழங்கால் போச்சு."

மொமோசே உறையை விலக்கி ஓட்டமானியைப் பார்த்தார். அவர் கொடுத்த நாளிலிருந்து நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர். பல் பிழைத்துவிட்டது! அந்த அம்மாவின் வெட்கமே அதைக் காப்பாற்றிவிட்டது. மொமோசேக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு அடக்க முடியாமல். ஃபுமியேயும் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு இது வியாதி, மொமோசே-சான். போன வருஷம் ஷினோஹரா டாக்டர் ஒரு பல்லை அடைச்சு விட்டார். கொஞ்சம் உசரமாப் போச்சு. கடிச்சா இடிக்குது. 'எப்படி இருக்கு'ன்னு கேட்டார். 'அருமை'ன்னுட்டு வந்துட்டேன். மூணு மாசம் இடது பக்கமே மென்னேன்."

அன்றைக்கே மொமோசே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மறுநாள் ஒரு அறுவடை இயந்திரம்கூட உள்ளே வரவில்லை. வந்த இரண்டு பேரை வாசலிலேயே நிறுத்தி, "சனிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார். பினியனை வெளியே எடுத்து, பழையதைவிடச் சற்றுக் கனமான வாஷரைப் போட்டார். மை தடவினார், சுற்றினார். இன்னும் நுனியிலேதான். திரும்பப் பிரித்தார். அடுத்த கனம். 'பரவாயில்லை' என்று பழைய பழக்கம் மறுபடி வாயைத் திறந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு மூன்றாவது முறையும் பிரித்தார். நாலாவது வாஷரில் சிவப்பு மை பல்லின் நட்ட நடுவில், நீள்வட்டமாக, அளந்து வைத்ததுபோல அழிந்தது. மொமோசே விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பல்லையே வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. சுற்றிலும் ஆள் இல்லாததால் துடைக்கவும் இல்லை.

மதியத்துக்கு மேல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வானொலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். நாற்பது. ஐம்பது. அறுபது. எழுபது. டயரின் சத்தம், எஞ்சினின் சத்தம், தன் மூச்சின் சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

பிறகு அவர் செய்த காரியத்தை ஊர் இன்னும் பேசுகிறது. நேராகப் பல் மருத்துவமனைக்கு வண்டியை விட்டு, காத்திருக்கும் நோயாளிகள் எதிரிலேயே ஷினோஹராவிடம் சொல்லிவிட்டார். "டாக்டர், முதல் தடவை சரியாச் செய்யலை. முனகிச்சு. இப்பத் திருத்தியிருக்கேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு உங்க வண்டியைக் குடுக்கறதா இருந்தாக் குடுங்க. இல்லேன்னாலும் வருத்தமில்லை."

ஷினோஹரா முகமூடியைக் கீழே இறக்கினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மை தடவிப் பாத்தா, எங்க கடிக்குதுன்னு தெரியும். நாலாவது வாஷர்லதான் சரியா வந்துச்சு."

"அட, நாங்களும் அதையேதான் செய்யறோம். கலர் தாளைக் கடிக்கச் சொல்லிப் பாப்போம். ஆனா தப்பாப் போச்சுன்னா இப்படி வரவேற்பறையில வந்து கத்த மாட்டோம்." காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "அடுத்த செவ்வாய் கொண்டு வரேன். நாலாவது வாஷர்லேருந்தே ஆரம்பிங்க."

"உங்க வண்டிக்கு எத்தனாவதுன்னு திறந்தாத்தான் தெரியும்" என்றார் மொமோசே. பிறகு கொஞ்சம் தயங்கி, "கரசாவா-சானோட பல்லையும் ஒருதரம் பாத்துடுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபுமியே வந்தார். இந்த முறை தனியாக, பலகாரமும் இல்லை. கூரையை மடக்காமல், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கணவாய்க்குப் போனார். பதினொரு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும். மொமோசே பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் அடங்கி, உடனே குரலெடுத்துத் துள்ளி வெளியே வருவது மலை முழுக்க எதிரொலித்தது. தோமோக்கோவும் வந்து பக்கத்தில் நின்றாள். "நல்லாத்தானே பாடுது" என்றாள்.

சிவப்புக் கார் வாசலில் திரும்பி நின்றது. ஃபுமியே இறங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சத்தம் சுத்தமா இல்லைங்க. வளைவெல்லாம் சொர்க்கம்" என்றார். பிறகு வயிறு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரில் குதிக்கிறவரைப்போல ஒரே வீச்சில் சொல்லி முடித்தார். "ஆனா, மொமோசே-சான், க்ளட்ச் மிதிக்கும்போது கிறீச்சுனு சத்தம் வருது, எனக்கு அது பிடிக்கலை!"

சொல்லிவிட்டு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

இரண்டு வருஷத்தில் மொமோசே இவ்வளவு வாய் விட்டுச் சிரித்து தோமோக்கோ பார்த்ததில்லை. "உள்ள விடுங்க வண்டியை" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய்க் குப்பியை எடுக்கப் போனார். வெளியே, கணவாயிலிருந்து இறங்கி வந்த நீல நிறக் கார் ஒன்று வேகத்தைக் குறைத்து, சைகை விளக்கைப் போட்டு, வாசலில் திரும்பியது.